சுவான்சோ ‘பெயர் நடை’: 400 யுவானுக்குத் தகுமா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கமிருந்து சோல், மோல்டு, தையல் மெஷின் என்று ஏதாவது ஒன்றுக்காகச் சீனாவில் ஷூ தயாரிக்கும் ஜின்ஜியாங் போய்வருகிறவர்கள் இப்போது நிறைய. வாரநாட்கள் ஃபேக்டரி ஃபேக்டரியாக ஏறி இறங்குவதில் கழிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டம். சப்ளையர் அனுப்பும் பையன் மாலுக்குக் கூட்டிப்போவான். அங்கே ஓர் அன்டா கடை, ஓர் எக்ஸ்டெப் கடை, மறுபடி ஓர் அன்டா கடை. வாரமெல்லாம் பார்த்த ஷூவையே விடுமுறை நாளிலும் பார்க்க வேண்டும். அப்படி மாட்டிக்கொள்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஜின்ஜியாங்கின் ஃபேக்டரிப் பகுதியிலிருந்து டாக்ஸி பிடித்தால் ஆற்றைத் தாண்டிச் சுவான்சோவின் பழைய நகரத்துக்குப் போய்விடலாம். அங்கே ஒரு சின்ன விடுதியை நடத்துகிறவர்கள் ஞாயிறு காலைகளில் நான்கு மணி நேர நடைச் சுற்றுலா ஒன்று வைத்திருக்கிறார்கள். தலைக்கு 400 யுவான். நம்ம பணத்தில் ஐயாயிரத்தை ஒட்டி வரும். ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. இந்த ஊரில் மற்ற நடைகள் எல்லாம் கோயில், சாப்பாடு, தலை நிறையப் பூ வைத்துப் போட்டோ என்று போகும். இவர்கள் எடுத்துக்கொண்டிருப்பது வேறு விஷயம். இந்த ஊரை யார் எப்போது என்ன பெயரில் அழைத்தார்கள், எந்த அலுவலகம் எங்கே உட்கார்ந்து ஆண்டது, அது ஏன் மாறியது.

கேட்பதற்கு வறட்சியாக இருக்கும். நான் போனதற்குக் காரணம் சரித்திர ஆர்வமில்லை, ஓர் எல்.சி., அதாவது சப்ளையருக்குப் பணம் தர வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம். எங்கள் சப்ளையரின் முகவரி ‘ஜின்ஜியாங் நகரம், சுவான்சோ நகரம், ஃபூஜியன் மாகாணம்’ என்று இருக்கும். ஒரு தடவை எல்.சி.யில் ஒரு நகரமும் இன்வாய்ஸில் இன்னொரு நகரமும் ஏறிவிட, வங்கி விவரம் பொருந்தவில்லை என்று டிஸ்கிரிபன்சி போட்டுத் திருப்பிவிட்டது. பேப்பர் சரியாகும்வரை கன்டெய்னர் சென்னையில் நின்றது, டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறியது. “ஒரே முகவரியில் ரெண்டு நகரம் எப்படி பாய் இருக்கும்?” என்று வங்கி மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொள்ள 400 யுவான் கொடுக்கலாம் என்று தோன்றியது.

பெயர் பற்றிய நடை என்பதால் பெயர் பற்றிய எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேன்டன் கண்காட்சி நடக்கும் குவாங்சோ வேறு, இந்தச் சுவான்சோ வேறு. டிராவல் ஏஜென்டிடம் போனில் சொன்னால் பத்தில் ஐந்து பேர் குவாங்சோவுக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். இது ஃபூஜியன் மாகாணத்தின் கடற்கரையில், ஷியாமெனுக்கு வடக்கே, தைவானுக்கு எதிரே இருக்கும் ஊர்.

நடை மேற்குத் தெருவும் ஜோங்ஷான் சாலையும் சந்திக்கும் இடத்தில், வெள்ளை மணிக்கூண்டின் அடியில் தொடங்குகிறது. வழிகாட்டி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். ஆங்கிலம் நிதானமாக, தெளிவாகப் பேசுகிறார். கையில் லேமினேட் செய்த அட்டைகளின் கட்டு ஒன்று. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பெயர், ஓர் ஆண்டு, பின்பக்கம் யார் வைத்தது என்ற விவரம். எந்த இடத்தில் எந்தப் பெயர் பொருந்துமோ அங்கே அந்த அட்டையை நம் கையில் கொடுப்பார். கூடவே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்களில் வரைந்த வரைபடங்கள். இன்றைய தெருப் படத்தின் மேல் தாங் வம்சக் காலத்து மதிலை வைத்து, அதன்மேல் பின்னால் வந்த சோங் வம்சக் காலத்து மதிலை வைத்துக் காட்டும்போது, நாம் நிற்கும் இடம் எப்போது ஊருக்குள் வந்தது என்று பளிச்சென்று தெரிகிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் அட்டைகளில் எழுத்து ரொம்பப் பொடி. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியை மறக்க வேண்டாம்.

முதல் அட்டையிலேயே ஒரு திருப்பம் வைத்திருக்கிறார்கள். சுவான்சோ என்ற பெயர் முதலில் இந்த ஊருடையதே இல்லை. சூயி வம்சத்தார் 589இல் அந்தப் பெயரை வைத்தது இன்றைய ஃபூசோவை மையமாகக் கொண்ட பகுதிக்கு. இங்கே இருந்தது வூரோங் என்ற மாநிலம் (வட்டங்களுக்கு மேலே இருந்த அந்தக் கால நிர்வாகப் பிரிவு), அதன் தலைமையிடமும் ஆற்றில் கொஞ்சம் மேலே நான்ஆன் பக்கம். 711இல் தாங் அரசு ஒரே வீச்சில் இரண்டையும் மாற்றியது. வடக்கே இருந்த சுவான்சோ மின்சோ ஆனது, அது 725இல் ஃபூசோ ஆனது. காலியான சுவான்சோ என்ற பெயர் வூரோங்குக்கு வந்து சேர்ந்தது. ஆகவே 711க்கு முந்தைய ஏட்டில் சுவான்சோ என்று படித்தால் அது ஃபூசோ. பெட்டி படுக்கையோடு ஒரு பெயர் குடிபெயர்ந்து வந்திருக்கிறது என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த ஒரு வரிதான் முழு நடைக்கும் சாவி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

718இல் நான்ஆனிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஜின்ஜியாங் என்ற வட்டத்தை உண்டாக்குகிறார்கள். ஜின்ஜியாங் என்பது ஆற்றின் பெயர். வடக்கே ஜின் வம்சம் கலங்கியபோது தப்பி வந்தவர்கள் அதன் கரையில் குடியேறியதால் வந்தது என்பார்கள். அந்த வட்டத்தின் தலைமையிடம் இந்தப் பழைய நகரமேதான். மாநில அதிகாரியும் வட்ட அதிகாரியும் ஒரே மதிலுக்குள். மாநிலம் என்று பார்த்தால் சுவான்சோ, வட்டம் என்று பார்த்தால் ஜின்ஜியாங். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்.சி. விஷயத்துக்கு மறுபடி வருவேன்.

மேற்குத் தெருவில் இந்தச் சேவையின் முதல் பெரிய குறை தெரிந்தது. 2021 ஜூலையில் யுனெஸ்கோ இந்த ஊரின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததிலிருந்து ஞாயிறு காலை ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் அலைமோதுகிறது. பின்னால் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஹார்ன், முன்னால் ஸ்பீக்கர் மாட்டிய டூர் குழுக்கள். வழிகாட்டி சொல்வதில் பாதி காற்றோடு போனது. காதில் மாட்டிக்கொள்ளும் கருவி கொடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை. 400 யுவான் வாங்குகிறவர்கள் இதைச் செய்யலாம்.

கையுவான் கோயில் 686இல் தாமரைக் கோயிலாகத் தொடங்கியது. 738இல் பேரரசர் ஷுவான்சோங், மாநிலந்தோறும் தன் ஆட்சிக்காலப் பெயரான கையுவானில் ஒரு கோயில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட, இதற்கும் அந்தப் பெயர் விழுந்தது. நிர்வாக ஆணையால் பெயர் மாறிய கோயில் என்பதால்தான் நடையில் இதற்கு இடம். இரண்டு பெரிய கல் கோபுரங்கள் இருக்கின்றன. கிழக்கில் இருப்பது 48 மீட்டர். இரண்டும் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கல்லில் கட்டப்பட்டவை. அவற்றை எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நம்ம ஆட்கள் பார்க்க வேண்டியது பெரிய மண்டபத்தின் பின்பக்கம்.

அங்கே பதினாறு பட்டை கொண்ட இரண்டு தூண்கள். வட்டவட்டமாகச் சிற்பங்கள்: நரசிம்மர், கஜேந்திரனைக் காப்பாற்றும் திருமால், கண்ணன். பௌத்தக் கோயிலில் இது எப்படி என்றால், ஊரில் இருந்த சிவன் கோயில் அழிந்தபின் அதன் கற்கள் நகரமெங்கும் சிதறின, சில மதிலுக்குள் போயின, இந்தத் தூண்கள் மிங் வம்சக் காலத்தில் மண்டபத்தைப் புதுப்பித்தபோது இங்கே நிறுத்தப்பட்டன. 20ஆம் நூற்றாண்டில் மதில்களை இடித்தபோது வெளியே வந்த கற்களைச் சேர்த்துக் காப்பாற்றியவர் வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர். அவர் பெயர் அட்டையில் இருக்கிறது. நல்ல காரியம்.

ஆனால் அட்டை இந்தத் தூண்களை ‘இந்தியா’ என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறது. இங்கேதான் எனக்கு மனக்குறை. 1956இல் இதே ஊரில் கிடைத்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது, கடைசியில் ஒரு வரி சீனத்தில். சக ஆண்டு 1203 சித்திரை, அதாவது 1281. சம்பந்தப் பெருமாள் என்ற தவச்சக்கரவர்த்திகள், செகாசை கானின் நலத்துக்காக, அந்தக் கானின் ஃபர்மான்படி (அரசாணைப்படி), திருக்கதலீச்சரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார் என்கிறது. கான் என்பது குப்லாய் கான் என்று கொள்கிறார்கள். சீனத்து மண்ணில், மங்கோலிய அரசன் ஆணையில், தமிழ் எழுத்தில், பாரசீகச் சொல்லோடு ஒரு சிவன் கோயில். பெயர்களைப் பற்றிய நடையில் இதைவிடச் சரியான கல் எது? வழிகாட்டியிடம் அதன் படம் ஒன்று இருந்தது. கேட்டபிறகுதான் எடுத்துக் காட்டினார். தமிழை எனக்குப் படிக்கத் தெரியும் என்றதும் அவருக்கு ஆச்சரியம். மற்றவர்களுக்காக உரக்கப் படிக்கச் சொன்னார். பழைய எழுத்து எனக்குக் கல்லில் படிக்க வராது, அச்சில் வந்த வாசகத்தைப் போனில் வைத்திருந்தேன், அதைப் படித்தேன். கூட வந்த ஷாங்காய் தம்பதி வீடியோ எடுத்தார்கள். நீங்கள் போனால் நீங்களாகவே கேளுங்கள்.

அதே 1281இல்தான் குப்லாயின் தூதர் யாங் டிங்பி இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி மாபாரில் போய் இறங்கினார். மாபார் என்றால் நம் பாண்டியக் கடற்கரை. இது அட்டையில் இல்லை.

அடுத்து ஜைத்தூன். வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த ஊர் அந்தப் பெயரில்தான் தெரியும். மார்க்கோ போலோ, அலெக்சாந்திரியாவுக்கு மிளகு ஏற்றி ஒரு கப்பல் போனால் ஜைத்தூனுக்கு நூறு வருகிறது என்று எழுதிவைத்தார். மதுரை சுல்தான் வீட்டு உறவோடு மாபாரில் இருந்துவிட்டு 1340களில் இங்கே வந்திறங்கிய இப்னு பதூதா, ஜைத்தூன் என்று பெயர் இருக்கிறதே தவிர இங்கே ஆலிவ் மரமே இல்லை என்று குறித்துக்கொண்டார். அரபியில் ஜைத்தூன் என்றால் ஆலிவ். மரம் இருக்கத்தான் செய்தது, வேறு மரம். 10ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட லியு சோங்சியாவ் நகரை விரித்து மதில் கட்டியபோது சுற்றிலும் சிதோங் மரங்களை நட்டார். ஊருக்குச் சிதோங் நகரம் என்று பெயர் விழுந்தது. அரபிகள் காதில் அது ஜைத்தூனாகக் கேட்டது.

வழிகாட்டி ஒரு மரத்தடியில் நிறுத்தி இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மரத்தைப் பார்த்தேன், முள் தெரிந்தது, மூன்று மூன்றாக இலை. நம்ம கல்யாண முருங்கை! சளிக்கு அடை தட்டுவார்களே, அதே முள்முருங்கை. கேரளத்தில் மிளகுக்கொடி படர விடுவதும் இதன்மேல்தான். மிளகு வந்து இறங்கிய துறைமுகத்துக்கு மிளகு ஏறும் மரத்தின் பெயர். இதை நான் சொன்னதும் அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த அட்டைப் பதிப்பில் வந்தால் 50 யுவான் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கலாம்.

இருந்தாலும் ஜைத்தூனுக்கு இவர்கள் கொடுக்கும் நேரம் அதிகம். நான்கில் ஒரு பங்கு நடை அதற்கே போய்விடுகிறது. வெள்ளைக்காரப் பயணிகளுக்கு மார்க்கோ போலோ பெயர் இனிக்கும், அதனால் போலும். ஆனால் அந்தப் பெயர் எந்த அரசு ஏட்டிலும் இந்த ஊருக்கு அலுவல் பெயராக இருந்ததில்லை. அதே காலத்தில் ஏட்டில் என்ன இருந்தது என்பதுதான் எனக்குச் சுவையாக இருந்தது. மங்கோலியர் காலத்தில் இது சுவான்சோ ‘லு’, மாகாணத்துக்குக் கீழ் வரும் ஒரு பிரிவு. மாகாணத் தலைமையகம் ஃபூசோவிலா இங்கேயா என்று முடிவெடுக்க முடியாமல் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இங்கே கொண்டுவந்து, திருப்பி அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். மிங் வம்சம் வந்ததும் அந்தப் பிரிவுக்கு ‘ஃபூ’ என்று பெயர். இப்படி மாகாணத் தலைநகர் பதவி வந்து வந்து போனதைத் தெருவில் நிறுத்தி வைத்து விளக்கியிருந்தால் அருமையாக இருந்திருக்கும். ஒரே அட்டையில் தாண்டிப் போனார்கள்.

துமென் தெருவில் பள்ளிவாசல். ஹிஜ்ரி 400, அதாவது 1009இல் கட்டியது, 1310இல் புதுப்பித்தது என்று வாசலின் அரபுக் கல்வெட்டு சொல்கிறது. உயரமான கருங்கல் நுழைவாயில், உள்ளே கூரையில்லாத பழைய தொழுகைக் கூடம், சுவரெல்லாம் குர்ஆன் வசனங்கள். பக்கத்தில் இப்போது தொழுவதற்குத் தனிக் கூடம் இருக்கிறது. வழிகாட்டி கேட்காமலேயே எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தந்தார். அதற்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

பெயர் என்ற கணக்கில் இந்த இடம்தான் நடையின் உச்சம். பெயர்ப்பலகை சிங்ஜிங் பள்ளிவாசல் என்கிறது. அரபுக் கல்வெட்டின்படி இது அஸ்ஹாப் பள்ளிவாசல். சிங்ஜிங் என்பது 1131இல் பாரசீக வளைகுடாத் துறைமுகமான சீராஃபிலிருந்து வந்த ஒருவர் இதே ஊரில் கட்டிய வேறொரு பள்ளிவாசலின் பெயர். அது அழிந்துபோய், அதன் சீனக் கல்வெட்டை இங்கே கொண்டுவந்து வைக்க, கல்லோடு பெயரும் இங்கே ஒட்டிக்கொண்டது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வழிகாட்டி இரண்டு கல்லையும் காட்டி, இரண்டு அட்டையையும் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் நின்றார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஷாங்காய்க்காரர் கண்டுபிடித்தார். இப்படி நாலு இடத்தில் செய்தால் இந்த நடை வேறு உயரத்துக்குப் போய்விடும்.

அங்கிருந்து சுயிமென் சந்து. கடல் வாணிப அலுவலகம் இருந்த இடம். இப்போது பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, தோண்டிய குழிகளும் அடித்தளக் கற்களும் விளக்கப் பலகைகளும்தான். ஆனால் இறக்குமதிக்காரனுக்கு இது ஒரு தலமே. குவாங்சோவில் இந்த அலுவலகம் 971இலேயே வந்துவிட்டது. சுவான்சோவுக்கு 1087இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட நூற்றுச் சொச்சம் ஆண்டுகள், இந்த ஊர்க் கப்பல்காரன் கடலுக்குப் போக வேண்டுமானால் வேறொரு துறைமுகத்துக்குப் போய் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். சரக்கு இங்கே, காகிதம் அங்கே. இன்றைக்கும் நாம் படுவது அதே பாடுதான் என்று சொன்னேன், மொழிபெயர்ப்பு தேவைப்படாமலே சிரித்தார்கள். வந்த கப்பலைச் சோதிப்பது, வரி எடுப்பது, அரசுக்கு வேண்டிய சரக்கை முதலில் வாங்கிக்கொள்வது எல்லாம் இங்கே. இதன் தலைவராக இருந்த ஜாவ் ருகுவா 1225இல் வெளிநாட்டு வணிகர்களை விசாரித்து நாடு நாடாகக் குறிப்பு எழுதிவைத்தார், அதில் சோழ நாடும் உண்டு. இதே பதவியிலிருந்த பு ஷோகெங், முஸ்லிம் வணிகக் குடும்பத்தவர், 1276 வாக்கில் சோங் அரசைக் கைவிட்டு மங்கோலியர் பக்கம் சாய்ந்தார். ஒரு கஸ்டம்ஸ் அதிகாரியின் முடிவு ஒரு நகரத்தின் தலைவிதியை மாற்றிய கதை. மிங் காலத்தில் 15ஆம் நூற்றாண்டில் இந்த அலுவலகத்தைத் தூக்கி ஃபூசோவுக்குக் கொண்டுபோனார்கள். துறைமுகத்தின் நல்ல காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

மிங், சிங் வம்சக் காலங்கள் இரண்டு அட்டையில் முடிகின்றன. சுவான்சோ ஃபூ, அதன் கீழ் வட்டங்கள், அவற்றில் ஒன்று டோங்ஆன். அந்த டோங்ஆனைச் சேர்ந்த தீவுதான் ஷியாமென். பிரிட்டனோடு செய்த 1842 உடன்படிக்கையில் ஷியாமெனை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்தபின், தாய் ஊர் பின்தங்கி மகள் ஊர் முன்னே போய்விட்டது. இதில் நேரம் செலவழிக்காதது சரி.

கடைசிப் பகுதி தெற்கு வாசல் பக்கம், டேஜி வாசலின் அடித்தளம் தெரியும் திடலில். இருபதாம் நூற்றாண்டு இங்கே தொடங்குகிறது. எனக்கு வேண்டியதும் இங்கே இருந்தது, ஆனால் மீதமிருந்த நேரம் கால் மணிதான். வழிகாட்டி அவசர அவசரமாக அட்டைகளை விநியோகித்தார். நான் நிறுத்தி, என் எல்.சி. கதையைச் சொன்னேன். அவ்வளவுதான், அவர் ஓர் ஓரமாக உட்கார்ந்து, பிளாஸ்டிக் தாள்களைப் பரப்பி, அதுவரை இல்லாத உற்சாகத்தோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

கதை இதுதான். 1913இல் ‘ஃபூ’ ஒழிக்கப்படுகிறது. சுவான்சோ என்ற பெயருக்கு நிர்வாகத்தில் வேலையில்லை. நகரம் வெறும் ஜின்ஜியாங் வட்டத்தின் தலைமையிடம். 1951இல் நகரத்தை மட்டும் தனியே வெட்டி எடுத்துச் சுவான்சோ நகரம் என்கிறார்கள். அப்படியானால் ஜின்ஜியாங் வட்டத்துக்கு வீடு? தெற்கே சிங்யாங் என்ற இடத்துக்கு அலுவலகம் நகர்கிறது. 718இலிருந்து இந்த மதிலுக்குள் இருந்த ஜின்ஜியாங் என்ற பெயர், ஆயிரத்து இருநூறு ஆண்டுக்குப் பிறகு வீட்டைக் காலி செய்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிறது. நாம் சோல் வாங்கப் போகும் ஜின்ஜியாங் அதுதான்.

இன்னும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் மேலே மாவட்டம் போல ஒரு பெரிய பகுதி, அதன் பெயர் அப்போது ஜின்ஜியாங். ஆக, சுவான்சோ நகரம் ஜின்ஜியாங் பகுதிக்குள் இருந்தது. 1985இல் பீஜிங் அந்தப் பெரிய பகுதியைக் கலைத்து, அதையே சுவான்சோ என்ற பெருநகரமாக அறிவிக்கிறது. பழைய சுவான்சோ நகரம் லிச்செங் என்ற மாவட்டப் பிரிவாகச் சுருங்குகிறது. லிச்செங் என்றால் கெண்டைமீன் நகரம், பழைய மதிலின் வடிவத்துக்கு வந்த செல்லப் பெயர், திடீரென்று அலுவல் பெயர் ஆகிவிட்டது. 1992இல் ஜின்ஜியாங் வட்டமும் நகரத் தகுதி பெறுகிறது. இப்போது சுவான்சோ நகரத்துக்குள் ஜின்ஜியாங் நகரம். முன்பு ஜின்ஜியாங்குக்குள் சுவான்சோ, இப்போது சுவான்சோவுக்குள் ஜின்ஜியாங். சீனத்தில் ‘ஷி’ என்ற ஒரே சொல் பெரிய நகரத்துக்கும் அதற்குக் கீழுள்ள நகரத்துக்கும் வரும். வங்கி மேலாளருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வழிகாட்டியின் சொந்த ஊர் ஷிஷி. 1987இல் அதையும் ஜின்ஜியாங்கிலிருந்து பிரித்துத் தனி நகரமாக்கினார்கள். அவருடைய அம்மா பிறந்தது ஜின்ஜியாங் வட்டம், வாழ்வது ஷிஷி நகரம், வீடு மாறவே இல்லை. ஆம்பூர்க்காரனுக்கு இது புரியாத விஷயமா? பள்ளிக்கூட நோட்டில் வட ஆற்காடு மாவட்டம் என்று எழுதினேன், அப்புறம் வேலூர், 2019இலிருந்து திருப்பத்தூர். நானும் அதே தெருவில்தான் இருக்கிறேன். இதைச் சொன்னதும் அவர் என்னிடம் ஒரு வெற்று அட்டையைக் கொடுத்து எழுதச் சொன்னார்.

இந்தப் பகுதிக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். இன்றைய சுவான்சோவில் 4 மாவட்டப் பிரிவுகள், 3 நகரங்கள், 5 வட்டங்கள். அந்த ஐந்தில் ஒன்றான ஜின்மென் தைவான் நிர்வாகத்தில் இருக்கிறது, பட்டியலில் மட்டும் இங்கே. தேநீருக்கு அன்ஷி, வெள்ளைப் பீங்கானுக்கு டெஹுவா என்று சரக்கின் பெட்டியில் நாம் படிக்கிற பெயர்கள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. வியாபாரத்துக்கு வருகிறவனுக்கு மார்க்கோ போலோவைவிட இதுதான் உதவும்.

சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தி. வழக்கமாகக் கொடுப்பது மியென்ஷியென்ஹு என்ற மெல்லிய சேமியாக் கூழ், அதில் பன்றிக் குடல் போடுவார்கள். முன்னாடியே ஹலால் என்று சொல்லியிருந்ததால் எனக்கு ஒரு லான்சோ நூடுல்ஸ் கடையில் மாட்டு சூப். சுமார்தான், சூடாக இருந்தது. சைவக்காரர்கள் கையுவான் கோயில் பக்கமே சைவக் கடை கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று ஜைத்தூன் அளவுக்கு மீறிப் போனதற்கும், தமிழ்க் கல்வெட்டைக் கேட்டால்தான் எடுப்பதற்கும், மேற்குத் தெருச் சத்தத்துக்கும் சேர்த்து. காசு வீணில்லை. பதிவு வீசாட் செயலியில், விடுதியின் பெயரில். வியாழனுக்குள் சொன்னால் ஆங்கில நடை கிடைக்கும், இல்லையென்றால் சீனத்தில்தான். பணம் அலிபேயில் எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். நடையில் பாதி வழுவழுப்பான கல் பாவிய தரை, தோல் அடிப்பாகம் வைத்த ஷூ வேண்டாம். இதை ஒரு தோல் ஊர்க்காரனே சொல்கிறேன்.

திரும்பும்போது டாக்ஸிக்காரரிடம் வெறுமனே ஜின்ஜியாங் என்று சொல்லிவிடாதீர்கள். விமான நிலையத்தின் பெயர் சுவான்சோ ஜின்ஜியாங், டிக்கெட்டில் அதன் குறி ஜே.ஜே.என்., ஜின்ஜியாங் என்றே ஒரு ரயில் நிலையமும் உண்டு. 2023இல் திறந்த சுவான்சோ தெற்கு ரயில் நிலையம் இருப்பதும் ஜின்ஜியாங்கில்தான். ஹோட்டல் பெயரைச் சீன எழுத்தில் போனில் வைத்துக் காட்டிவிடுங்கள்.